ஞி என்று தொடங்கும் சுவர்: வீட்டு இணையத்தைத் தமிழெழுத்தாகவும் சத்தமாகவும் ஓடவிடுவது எப்படி

பல்லடத்துக்குப் பக்கத்தில் தறிக்குடோனை ஒட்டின வீட்டில் வளர்ந்தவன் நான். தறி ஓடுகிற வரைக்கும் நன்றாகத் தூங்குவோம், கரண்ட் போய்த் தறி நின்றால் அந்த அமைதியில் வீடே முழித்துக்கொள்ளும். எந்தத் தறியில் ஊடை அறுந்தது என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். இப்போது குடோனில் பாதி காலி. வெள்ளையடித்த ஒரு பெரிய சுவர் சும்மா கிடக்கிறது. வீட்டுக்குள் ஆறு போனும் ஒரு டிவியும் இரண்டு லேப்டாப்பும் ராத்திரி பகலாக இணையத்தில் ஓடுகின்றன, அந்த ஓட்டத்துக்கு மட்டும் சத்தமே கிடையாது, ரவுட்டரில் பச்சை விளக்கு சிமிட்டுவதோடு சரி. அதை அந்தச் சுவரில் தமிழெழுத்தாகவும் குடோனுக்குள் சத்தமாகவும் கொண்டுவந்தேன். எப்படி என்பதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் செய்ய ஒரு பழைய லேப்டாப்பும் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

யோசனை என் சொந்த யோசனை அல்ல. 1995-லேயே அமெரிக்காவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் கூரையில் ஒரு சின்ன மோட்டாரை மாட்டி, அதிலிருந்து எட்டடி பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டு, மோட்டாரை ஈத்தர்நெட் கேபிளோடு இணைத்துவிட்டார். நெட்வொர்க் சும்மா இருந்தால் கயிறு லேசாகத் துடிக்கும், வேலை அதிகமானால் சுழன்று விர்ரென்று சத்தம் போடும். 2001-இல் அலெக்சாண்டர் காலோவேயும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்க எஃப்பிஐயின் ஒட்டுக்கேட்கும் கருவிப் பெயரையே எடுத்து கார்னிவோர் என்று ஒன்றைச் செய்தார்கள். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளை, அதாவது தகவலைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் பொட்டலங்களை, அது பிடித்துக் கொடுக்கும், கலைஞர்கள் ஆளுக்கொரு விதமாக அதைப் படமாகவும் இசையாகவும் மாற்றுவார்கள். மார்க் ஹேன்சனும் பென் ரூபினும் செய்த லிஸனிங் போஸ்டில் 231 சின்னத் திரைகளில் இணைய அரட்டையின் வாக்கியங்கள் ஓடும், இயந்திரக் குரல் ஒன்று படிக்கும். எனக்கு இதில் அந்தக் கயிறுதான் பிடித்தது. ஏனென்றால் அந்த ஆபீசில் இருந்தவர்களுக்கு அது நாள்பட நாள்பட எங்கள் அப்பாவின் தறி மாதிரி ஆகியிருக்கும்.

அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மழையாகக் கொட்டுகிற சமாச்சாரம் உங்களுக்கு வேண்டுமென்றால் நெட்வொர்க்கே தேவையில்லை, ரேண்டமாக எண்ணை எடுத்து எழுத்தாகப் போட்டால் போதும், பார்க்கிறவர் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. நாம் செய்வதை வீட்டிலிருப்பவர்கள் நாலு நாள் பார்த்தால் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த எழுத்து வந்தால் இன்னார் போன், இந்தச் சத்தம் கேட்டால் நெட் போச்சு, அப்படி. கீழே வருகிற ஒவ்வொரு முடிவும் அதற்காக எடுத்ததுதான்.

எங்கே நின்று கேட்பது

லேப்டாப்பை வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டால், அந்த லேப்டாப்புக்கு வருவதும் போவதும், எல்லாருக்குமாகக் கூவி அனுப்பப்படுவதும் மட்டும்தான் காதில் விழும். பக்கத்துப் போனின் பேச்சு உங்கள் பக்கம் வரவே வராது. அதனால் பேச்செல்லாம் உங்கள் வழியாகப் போகிற மாதிரி நடுவில் உட்கார வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 இருந்தால் அது, இல்லாவிட்டால் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஏதாவது ஒன்று. ரவுட்டரிலிருந்து அதற்கு ஒரு லேன் வயர், அதன் வைஃபையை ஹாட்ஸ்பாட்டாக மாற்றிவிடுங்கள். சுவரில் தெரிய விருப்பமிருக்கிறவர்கள் மட்டும் அந்த ஹாட்ஸ்பாட்டில் சேரட்டும். கேட்கும்போது வைஃபை பக்கத்தில் கேளுங்கள், வயர் பக்கத்தில் கேட்டால் எல்லாப் போனும் ஒரே முகவரியில் போவது போலத் தெரியும், ஆளை அடையாளம் காண முடியாது.

ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்ன வேடிக்கை. ‘செவுத்துக்கு வாங்க’ என்று வைக்கப் பார்த்தேன், மறுத்துவிட்டது. வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம், பைட் என்றால் கணினித் தகவலின் சின்ன அலகு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போகும், கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறி. ‘செவுத்துக்கு’ என்பதே 12 குறி, 36 பைட். கடைசியில் ‘செவுரு’ என்று வைத்தேன், 18 பைட்டில் முடிந்தது.

பாக்கெட்டைப் பிடிக்க 1988-இல் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதின டிசிபிடம்ப் என்ற நிரல் இன்றைக்கும் போதும், நீங்கள் பைத்தான் மொழி ஆள் என்றால் அதற்கான ஸ்காபி நூலகம். ஸ்காபி சொகுசானது ஆனால் மெதுவானது. வீட்டில் யாராவது பெரிய ஃபைலை இறக்கினால் திணறிப் பாதியைத் தவறவிடும். அப்போது பைத்தானின் சாக்கெட்டையே நேரடியாகத் திறந்து பைட்டுகளை வாங்கிக்கொள்ளலாம், இருபது வரிக்கு மேல் போகாது. எதுவானாலும் ரூட் அனுமதி, அதாவது கணினியின் முழு அதிகாரம், வேண்டும். எந்த இணைப்பு என்று கேட்கும்போது வைஃபையின் பெயரைத் தெளிவாகக் கொடுங்கள், ‘எல்லாவற்றையும் சேர்த்து’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் பாக்கெட்டின் முன்னால் 14 பைட்டுக்குப் பதிலாக 16 பைட் (புது டிசிபிடம்பில் 20) வைத்துக் கொடுக்கும், சுவரில் எழுத்தெல்லாம் இரண்டு இடமோ ஆறு இடமோ தள்ளிப்போய் நிற்கும். எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க அதில் போனது.

54 பைட்டுக்கு மேல் தொடாதீர்கள்

திருப்பூரில் நண்பன் ஒருவனுடைய பனியன் கம்பெனி ஆபீஸ். ஆயுத பூஜைக்கு ஏதாவது செய்யேன் என்று கேட்டான். அப்போது எனக்கு எழுத்து யோசனையெல்லாம் வரவில்லை, டிஎன்எஸ் கேள்விகளில், அதாவது ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கிற பாக்கெட்டுகளில், வருகிற தளங்களின் பெயரை அப்படியே பெரிதாகச் சுவரில் ஓடவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் பொரியும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை தேடும் தளம் ஒன்றின் பெயர் நாலு தடவை வந்து போனது. கூட்டத்தில் ஒரே ஒருத்தர் மட்டும் மெதுவாகப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அதை முதலாளியும் பார்த்துவிட்டான். அந்த ஆள் அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை, அவர் மேல் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

அன்றிலிருந்து ஒரு பாக்கெட்டில் முதல் 54 பைட்டை மட்டும்தான் வாங்குகிறேன். கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் உறை மேல் எழுதின முகவரி மாதிரி ஹெடர்கள் இருக்கும்: ஈத்தர்நெட் முகப்பு 14 பைட், முகவரிக்கான ஐபிவி4 ஹெடர் 20, பேச்சை ஒழுங்காக நடத்தும் டிசிபி ஹெடர் 20, ஆக 54. அதே டிஎன்எஸ் கேள்வி என்றால் 14, 20, கேட்டு ஒப்புக்கொள்ளாமல் நேராக அனுப்பிவிடும் யூடிபிக்கு 8, டிஎன்எஸ்ஸின் சொந்த ஹெடருக்கு 12, அதுவும் 54. தளத்தின் பெயர் 55-வது பைட்டில்தான் தொடங்குகிறது! புது முகவரி முறையான ஐபிவி6 என்றால் 14-ம் 40-ம், மறுபடியும் 54. யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை, ஆனால் நமக்கென்றே வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. பிடிக்கிற நிரலிலேயே 54 என்று வெட்டிவிடுங்கள், சுவரில் காட்டும்போது மறைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கையில் இல்லாதது கசியாது. முதல் 14 பைட்டில் போனின் வன்பொருள் முகவரி இருப்பதால் அதையும் வந்த உடனே தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று, சொந்த நெட்வொர்க், சேர்கிற ஒவ்வொருவரின் சம்மதம், இரண்டும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். டீக்கடை வைஃபையில் உட்கார்ந்து செய்து பார்ப்பது கலை ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் சிக்கினால் மூன்று வருஷம் வரை உள்ளே, ஐந்து லட்சம் வரை அபராதம்.

256-க்கு 247

சரி, பைட் வந்துவிட்டது. ஒரு பைட்டுக்கு 0 முதல் 255 வரை 256 மதிப்பு. தமிழுக்கு எழுத்து 247. இந்த இரண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கவனித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பைட்டைக் காட்ட இரண்டு குறி வேண்டும், நமக்கு ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து, ஒன்பதுதான் மிச்சம்.

வரிசை பள்ளிக்கூட அரிச்சுவடி வரிசைதான். 0 முதல் 11 வரை அ முதல் ஔ. 12 ஆய்தம். 13 முதல் 30 வரை க் முதல் ன். 31-இலிருந்து 246 வரை உயிர்மெய், க கா கி என்று ஒரு வரிசை முடிந்து ங ஙா ஙி என்று அடுத்தது. கணக்கு: பைட்டிலிருந்து 31-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் ஈவு எந்த மெய் என்று சொல்லும், மீதி எந்த உயிர் என்று சொல்லும், இரண்டையும் 0-விலிருந்து எண்ண வேண்டும். 247 முதல் 255 வரை காலியிடம். அதில் ஜ, ஷ போட்டு நிரப்பலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம், அந்தக் காலியிடத்துக்கு வேலை இருக்கிறது, கடைசியில் வரும்.

247-ஐயும் கையால் எழுதி அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் எண்ணில் கூட்டிக் கழித்து எழுத்தை வரவழைக்கப் பார்க்காதீர்கள், அங்கே க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், ன போய் ந-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ற ர-வுக்குப் பக்கத்தில். நம் வரிசை அங்கே இல்லை. அப்புறம் அட்டவணையில் ஒவ்வோர் எழுத்தும் தனி உருப்படியாக இருக்கட்டும், நீளமான ஒரே சரமாக எழுதி அதிலிருந்து ‘ஐந்தாவது எழுத்து’ என்று எடுத்தால் ‘கோ’ இரண்டாக உடைந்து வட்டப் புள்ளிக்குள் வெறும் கொம்பு நிற்கும்.

சுவரைப் படிப்பது

என் மனசுக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓர் ஆண்ட்ராய்டு போன் ஏதோ ஒரு தளத்தோடு புதிதாகப் பேச்சைத் தொடங்குகிறது என்று வையுங்கள். அதன் ஐபி ஹெடரின் 20 பைட்டும் 20 எழுத்தாகச் சுவரில் வரும். மாறிக்கொண்டே இருக்கும் எழுத்துக்குப் புள்ளி வைத்துக் காட்டுகிறேன்:

ஞி அ அ சூ · · சொ அ சொ எ · · வூ ரூ · · · · · ·

முதல் எழுத்து ஏறக்குறைய எப்போதும் ஞி. ஐபிவி4-இன் முதல் பைட்டில் மேல் பாதி 4, கீழ்ப் பாதி 5, சேர்த்தால் 69. 69-இலிருந்து 31 போக 38, 12-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2: நான்காவது மெய் ஞ், மூன்றாவது உயிர் இ. அன்றாடத் தமிழில் யாரும் தேடிப் போகாத ஞி, நம் வீட்டில் ஒவ்வொரு நொடியும் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐபிவி6 என்றால் பெரும்பாலும் ணூ. பெரும்பாலான வரிகளில் முதலில் ஞியும் இல்லை ணூவும் இல்லை என்றால் நீங்கள் எங்கேயோ பைட்டைத் தள்ளி எண்ணிவிட்டீர்கள், மேலே சொன்ன 16 பைட் விவகாரத்தைப் பாருங்கள்.

மூன்றாவதும் நான்காவதும் பாக்கெட்டின் நீளம். ‘அ சூ’ என்றால் 60 பைட், ஆண்ட்ராய்டும் லினக்ஸும் பேச்சைத் தொடங்குகிற பாக்கெட் பெரும்பாலும் அந்த அளவு. ஐபோன் என்றால் 64, ‘அ சொ’. முழு அளவு 1500 பைட் பாக்கெட் வந்தால் ‘ஊ ளொ’. பெரிய ஃபைல் ஏதாவது இறங்கும்போது சுவரெல்லாம் ஊளொ ஊளொ ஊளொ என்று நிற்கும். அம்முச்சி (அம்மாவைப் பெற்றவர்) ஒருநாள் குடோனுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஏங்கண்ணு, நாய் ஊளையிடறதையெல்லாமா செவுத்துல எழுதி வெச்சிருக்கறே?” என்று கேட்டார். இல்லீங்க அம்முச்சி, தம்பி படம் இறக்கறான் என்றேன். அதிலிருந்து ஊளொ வந்தால் “உன்ற தம்பி ஆரம்பிச்சுட்டான்” என்பார். எனக்கு அந்த ஒரு வாசகர் போதும். உங்கள் வீட்டில் ஊளொ வராமல் ‘ஊளா’ வந்தால் பயப்படாதீர்கள், அது 1492, பிபிபிஓஇ முறையில் வருகிற பிராட்பேண்டில் 8 பைட்டை அந்த முறையே எடுத்துக்கொள்ளும்.

ஒன்பதாவது எழுத்துதான் டிடிஎல். அதன் பெயருக்கே உயிரோடிருக்கும் காலம் என்றுதான் அர்த்தம். ஒரு பாக்கெட் வழி தெரியாமல் நெட்வொர்க்கில் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் தூக்கிப் போட்டுவிடும். போன்கள் 64-இல் கிளம்பும், அது சொ. ஒரு ரவுட்டரைத் தாண்டினால் சை. அப்புறம் சே, செ, சூ, சு, சீ, சி, சா, ச. ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஓர் உயிர் குறைகிறது, மெய் மட்டும் அப்படியே இருக்கிறது! இதை நான் வடிவமைக்கவில்லை, அரிச்சுவடி வரிசையை மாற்றாமல் வைத்ததற்குக் கிடைத்த கூலி. தூரத்துச் சர்வரிலிருந்து வருகிற பதிலில் இந்த எழுத்து சு என்றால் ஐந்து ரவுட்டர் தாண்டி வந்திருக்கிறது, ச என்றால் ஒன்பது, ங வரிசைக்கு இறங்கிவிட்டால் பத்தோ அதற்கு மேலோ. விண்டோஸ் 128-இல் கிளம்பும், அது பா. ஆக வீட்டில் போனெல்லாம் ‘சொ’ என்கிறது, ஆபீஸ் லேப்டாப் ‘பா’ என்கிறது.

அடுத்தது எ என்றால் டிசிபி, ட் என்றால் யூடிபி. பிறகு வீட்டு முகவரி. 192.168 என்பது வூரூ. வீட்டு நெட்வொர்க்கெல்லாம் ஊரு ஊரு என்று சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். லினக்ஸ் ஹாட்ஸ்பாட் தானாக 10.42 என்று முகவரி கொடுக்கும், அது ‘ஓகௌ’, நல்லாவே இல்லை, நான் அமைப்பில் போய் 192.168-க்கு மாற்றிக்கொண்டேன். கூகுளின் டிஎன்எஸ் 8.8.8.8 என்பது ஐஐஐஐ. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆஆஆஆ. இந்த இரண்டையும் முழுசாகக் காட்டுகிறேன், மற்ற வெளி முகவரிகளில் கடைசி இரண்டு எழுத்தை மறைத்துவிடுகிறேன், எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தளம் என்று தேடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

டிசிபி ஹெடரில் 14-வது பைட் கொடிகளுக்கானது. அதை மட்டும் எடுத்து வரியின் கடைசியில் தனி நிறத்தில் வைக்கிறேன். பேசலாமா என்று கேட்பது 2, இ. பேசலாம் என்ற பதில் 18, ண். சரி என்று ஒப்புக்கொள்வது 16, ஞ். தகவலை ஏற்றி அனுப்புவது பெரும்பாலும் 24, ர். ஆக ஒவ்வொரு பேச்சும் இ, ண், ஞ் என்று தொடங்குகிறது, ர் ஞ் ர் ஞ் என்று ஓடுகிறது, 17-இல், அதாவது ட் என்று முடிகிறது. பட்டென்று பாதியில் வெட்டிக்கொண்டால் உ அல்லது ந்.

வரைவது

பைத்தான் பக்கம் எழுத்தாக்கி, வெப்சாக்கெட் என்ற திறந்தே இருக்கும் இணைப்பு வழியாகப் பிரவுசருக்கு அனுப்பி, அங்கே பி5.ஜேஎஸ் என்ற வரையும் நூலகத்தில் வரைவது சுலபம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் அனுப்பாதீர்கள். 1500 பைட் பாக்கெட்டுகள் 12 எம்பிபிஎஸ் வேகத்தில் வந்தாலே நொடிக்கு ஆயிரம், திரையோ நொடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கும். நொடிக்கு 20 தடவை மூட்டையாகக் கட்டி அனுப்பினால் போதும்.

நான் ஒரு பேச்சுக்கு ஒரு வரி என்று வைத்தேன், பாக்கெட்டுக்கு ஒரு வரி என்றில்லை. போனுக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு இணைப்பு இருக்கிற வரை அந்த வரி சுவரில் அதே இடத்தில் நிற்கும், புதுப் பாக்கெட் வந்தால் மாறின எழுத்து மட்டும் மாறும். பாவு நூல் மாதிரி வரிகள் அசையாமல் நிற்க, ஊடை மட்டும் ஓடுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் மாறுகிற அடையாள எண்ணையும் சரிபார்ப்புத் தொகையையும், மேலே புள்ளி வைத்தேனே அந்த எழுத்துகளை, மங்கலாக வைத்தேன். ஞி, சொ, வூரூ எல்லாம் பளிச்சென்று. போனுக்கு ஒரு நிறம், ஆனால் யாருக்கு எந்த நிறம் என்பது தினமும் சாயங்காலம் கலைந்துவிடும்.

எழுத்துருவில் ஒரு கண்ணி. எழுத்துருக் கோப்பைப் பி5-க்குள்ளேயே ஏற்றி எழுதச் சொன்னபோது எனக்குக் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கோப்பை ஏற்றாமல், கணினியில் நிறுவின நோட்டோ சான்ஸ் தமிழைப் பெயர் சொல்லி மட்டும் கேட்டால் பிரவுசரே சரியாகக் கோர்த்துக் கொடுக்கும். அப்புறம் அகலம். ட் ஒரு விரல் அகலம், ணௌ நாலு விரல். சம அகலக் கட்டத்தில் போட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். நான் கட்டத்தை விட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்தும் அதன் அகலத்துக்கு உட்கார, வரிகள் வலது பக்கம் ஏறியும் இறங்கியும் முடியட்டும் என்று விட்டேன்.

சத்தம்

முதல் தடவை சத்தமே வராது. பயப்படாதீர்கள், பிரவுசரில் ஒரு தடவை எங்கேயாவது கிளிக் செய்தால்தான் ஒலி திறக்கும்.

சுரத்துக்கு மோகனத்தை எடுத்தேன், ஐந்து சுரம், எதன்மேல் எது விழுந்தாலும் காதைக் கடிக்காது. ஒரு கட்டை ஸா 261.6 ஹெர்ட்ஸ், அதிலிருந்து 2, 4, 7, 9 அரைச்சுரம் தள்ளி ரி, க, ப, த. ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் 1.0595-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். போர்ட் எண்ணை, அதாவது பேச்சு எந்தச் சேவைக்கு என்று சொல்லும் எண்ணை, 5-ஆல் வகுத்து மீதியை வைத்துச் சுரத்தைத் தேர்ந்தெடுப்போம் என்று எழுதிவிட்டு ஓடவிட்டால், ராத்திரி முழுக்கப் பஞ்சமம் மட்டும். ப ப ப ப ப. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், நிரலைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் பாதுகாப்பான வெப்புக்கு 443, டிஎன்எஸ்ஸுக்கு 53, மணி சரிசெய்வதற்கு 123, வீட்டுக்குள் கருவிகள் ஒன்றையொன்று தேட 5353: எல்லாமே 3-இல் முடிகிறது! சர்வர் பக்கத்துப் போர்ட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு பேச்சுக்கும் போன் தானாகத் தேர்ந்தெடுக்கிற பெரிய போர்ட் எண்ணை எடுத்த பிறகுதான் ஐந்து சுரமும் வந்தது. பாக்கெட் அளவைச் சத்தமாக மாற்றும்போது லாகரிதம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பாக்கெட்டெல்லாம் ஊளொவுக்கு அடியில் செத்துப்போகும்.

தட்டுகள் நொடிக்கு இருபதுக்கு மேல் போனால் காது அதைத் தட்டாகக் கேட்காது, ஒரே சுருதியாகக் கேட்கும். அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் பயன்படுத்திக்கொண்டேன். இருபதுக்குக் கீழே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித் தட்டு, மேலே போனால் தட்டை நிறுத்திவிட்டு ஒரு ரீங்காரம், வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் குடோனில் தறி ஓடுகிற மாதிரியே இருக்கிறது என்று அப்பா சொன்னார். அவர் பாராட்டினாரா கவலைப்பட்டாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

இ, ண், ஞ் மூன்றுக்கும் வள்ளி கும்மி பயிற்சியில் பதிந்து வந்த கைத்தட்டு மூன்று. டிஎன்எஸ்ஸுக்கு உடுக்கை. அண்ணன்மார் கதைப் பாட்டில் முன்னால் பாடுகிறவருக்குப் பின்பாட்டுக்காரர் பதில் கொடுப்பாரே, அந்த மாதிரி கேள்வி இடது ஸ்பீக்கரில், பதில் வலது ஸ்பீக்கரில். பதில் சீக்கிரம் வந்தால் இரண்டும் ஒரே தட்டாக விழும், நெட் மந்தமானால் நடுவில் இடைவெளி விரியும், நெட் போய்விட்டால் இடது பக்கம் மட்டும் தனியாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். எங்கள் வீட்டில் “நெட் வரலீங்க” என்று யாரும் இப்போது கத்துவதில்லை, அதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. மாதிரி ஒலிகளை இணையத்திலிருந்து எடுக்காமல் உங்கள் ஊர்ச் சத்தத்தையே பதிந்துகொள்ளுங்கள், போன் மைக் போதும்.

காலியிடம்

ஒன்பது இடம் காலியாக விட்டோமே. 255 அதில் ஒன்று. எல்லாருக்குமாகக் கூவுகிற முகவரி 255.255.255.255, நம் சுவரில் அது நாலு வெற்றிடம். ஒரு போன் ஹாட்ஸ்பாட்டில் புதிதாகச் சேரும்போது அதற்கு இன்னும் முகவரி கிடையாது, அதனால் தன் முகவரியை 0.0.0.0 என்று போட்டு, எனக்கொரு இடம் கொடுங்கள் என்று எல்லாரையும் பார்த்துக் கூவும். சுவரில் அது ‘அஅஅஅ’, அப்புறம் நாலு காலியிடம். ஒரு நொடி கழித்துப் பார்த்தால் அதே போன் வூரூ என்று சொல்லத் தொடங்கியிருக்கும்.

இதற்கு மட்டும் நிரலில் தனியாக நாலு வரி எழுதுங்கள். அனுப்பினவர் முகவரி நாலும் 0 என்றால் மற்ற வரிகளெல்லாம் மங்கட்டும், அஅஅஅ சுவரின் நடுவில் ஓராள் உயரத்துக்கு மூன்று நொடி நிற்கட்டும், அந்த மூன்று நொடியும் சுரம், தட்டு, ரீங்காரம் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு ஆள் வந்தால் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து “வாங்க” என்று சொல்லுவோமே, அந்தக் கணக்கு.